என்.எஸ்.எஸ். பணமா, ரோட்டரி மாவட்ட மானியமா? கல்லூரிச் சங்கங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் கைகழுவும் இடம் கட்டித் தர வேண்டும். ஆறு குழாய், 500 லிட்டர் தொட்டி, கழிவுநீருக்கு ஓர் உறிஞ்சுகுழி. சங்கத்தில் நாற்பது பேர் இருக்கிறார்கள், ஆள் பலத்துக்குக் குறைவில்லை. பணம்தான் இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிச் சங்கம் ஒன்று இந்த இடத்தில் நின்று யோசிக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை பெரும்பாலும் இரண்டே வழிகள். ஒன்று, கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலகுக்கு வரும் அரசுப் பணம். இன்னொன்று, ரோட்டரி சங்கத்தின் வழியாகக் கிடைக்கும் மாவட்ட மானியம். சி.எஸ்.ஆர். எனும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் என்று வேறு பெயர்களும் அடிபடும். அவற்றைப் பிறகு ஒரு பத்தியில் முடித்துக்கொள்ளலாம்.

சாய்வை மறைப்பானேன்? பொருள் வாங்கி, கட்டி, ஒரு பள்ளியிடமோ ஊரிடமோ ஒப்படைக்கிற வேலை என்றால் என் ஓட்டு மாவட்ட மானியத்துக்குத்தான். என்.எஸ்.எஸ். பணம் மோசம் என்பதில்லை. அது வேறு வேலைக்கான பணம்.

1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் என்.எஸ்.எஸ். அலகுக்கு நூறு பேர், ஒரு திட்ட அலுவலர், இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பலரும் போட்டுப் பார்க்காதது கணக்கை. சிறப்பு முகாமுக்கு ஆளுக்கு 450 ரூபாய் என்று நெடுங்காலம் இருந்தது, பிறகு 700 ஆயிற்று. முகாமுக்குப் போகிறவர்கள் அலகில் பாதி, அதாவது ஐம்பது பேர். ஆக 35,000 ரூபாய். ஐம்பது பேர் ஏழு நாள் தங்கினால் 350 ஆள்நாள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடு, தேநீர், போக்குவரத்து, பேனர், மண்வெட்டி வாடகை எல்லாம் அதற்குள்தான். இதில் சிமென்ட் மூட்டைக்கு எங்கே இடம்? முகாமில் சாலையோரம் சுத்தம் செய்வதும் மரக்கன்று நடுவதும் திரும்பத் திரும்ப வருவதற்கு மாணவர்களின் கற்பனைப் பஞ்சம் மட்டும் காரணமில்லை. அந்தத் தொகையில் அவைதான் முடியும்.

வழக்கமான பணிகளுக்கு ஆண்டுதோறும் தலைக்கு இவ்வளவு என்று வரும் தொகையிலும் நிர்வாகச் செலவு போக மீதிதான் களத்துக்கு. சுயநிதி அலகு என்றால் அதுவும் கிடையாது. பெயரும் சான்றிதழும் என்.எஸ்.எஸ்.ஸுடையவை, பணம் கல்லூரி தரவேண்டியது. உங்கள் அலகு எந்த வகை என்பதைத் திட்ட அலுவலரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமலே பட்ஜெட் போட்டுவிட்டு, பிறகு விழிக்கிற சங்கங்கள் உண்டு.

இனி மாவட்ட மானியம். இங்கே மாவட்டம் என்பது ஆட்சியர் மாவட்டம் அல்ல, ரோட்டரி தன் வசதிக்குப் பிரித்துக்கொண்ட எல்லை. சங்க உறுப்பினர்கள் ரோட்டரி அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்குத் தரும் நன்கொடையில் ஒரு பங்கு, மூன்று ஆண்டு கழித்து அவர்கள் மாவட்டத்தின் கணக்குக்கே திரும்புகிறது. அதில் அதிகபட்சம் பாதியை மாவட்ட மானியமாகப் பெறலாம். மூன்று ஆண்டுக்கு முன் தாராளமாகக் கொடுத்த மாவட்டத்தில் இன்று கை தாராளமாக இருக்கும். ஒரு சங்கத்துக்கு எவ்வளவு, சங்கம் தன் பங்காக எவ்வளவு போட வேண்டும் என்பதை அந்தந்த மாவட்டம்தான் முடிவு செய்கிறது. இங்கே ஓர் எண்ணை எழுதினால் அடுத்த ஊரில் அது தப்பாகிவிடும்.

விண்ணப்பிப்பது ரோட்டரி சங்கம். உங்களுடையது ரோட்டராக்ட், அதாவது ரோட்டரியின் இளைஞர் சங்கம் என்றால், தாய்ச் சங்கமாக ஒரு ரோட்டரி சங்கம் இருக்கிறது. இல்லாவிட்டாலும் ஊரிலுள்ள ரோட்டரி சங்கம் ஒன்று திட்டத்தைத் தன் பெயரில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காசோலையோடு அவர்கள் ஒதுங்கிவிட முடியாது, ரோட்டரி உறுப்பினர்களும் வேலையில் பங்கெடுக்க வேண்டும் என்பது விதி. போய்ப் பேசுவதற்கு முன் இரண்டு விஷயங்களை விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுக்கான மானிய மேலாண்மைக் கருத்தரங்குக்கு அந்தச் சங்கத்திலிருந்து யாராவது போனார்களா, மாவட்டத்துடனான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தலைவரும் அடுத்த தலைவரும் கையெழுத்துப் போட்டாயிற்றா என்பது ஒன்று. பழைய மானியம் எதற்காவது இறுதி அறிக்கை பாக்கியா என்பது மற்றொன்று. பாக்கி இருந்தால் உங்கள் திட்டம் எவ்வளவு நல்லதானாலும் நகராது.

ரோட்டரி அறக்கட்டளை பெரிய திட்டங்களுக்குத் தரும் உலக மானியத்துக்கு ரோட்டராக்ட் சங்கங்களே 2022 ஜூலை முதல் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் குறைந்தபட்ச பட்ஜெட் 30,000 டாலர். கைகழுவும் தொட்டிக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

இரண்டில் எது என்பதை உண்மையில் தீர்மானிப்பது தொகை இல்லை, நாட்காட்டி. கல்லூரி ஆண்டு ஜூன், ஜூலையில் பிறந்து ஏப்ரல் தேர்வோடு முடிகிறது. அரசின் நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. ரோட்டரி ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஓடுவதால்தான் நல்ல திட்டங்கள் பாதியில் நிற்கின்றன.

என்.எஸ்.எஸ். பணம் மேலிருந்து பல்கலைக்கழகம் வழியாகப் படிப்படியாக இறங்குகிறது. முகாம் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் நடக்கும். பணம் அதற்கு முன்னால் வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் கல்லூரி முன்பணம் தர வேண்டும், அல்லது திட்ட அலுவலர் தன் சட்டைப் பையில் கைவிட வேண்டும். பிப்ரவரி கடைசியில் வந்து சேர்ந்தால் மார்ச் 31க்குள் செலவழித்து, அரசின் பொது நிதி விதிகளிலுள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும் கொடுத்தாக வேண்டும். கட்டுமானம் மாதிரியான வேலைக்கு இந்த அவகாசம் போதவே போதாது. பூச்சு வேலையை ஏழு நாளாவது தண்ணீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். நிதியாண்டு முடிகிறது என்பதற்காகச் சிமென்ட் சீக்கிரம் இறுகிவிடுமா?

மாவட்ட மானியத்திலும் நாட்காட்டிச் சிக்கல் உண்டு, ஆனால் அது முன்கூட்டியே தெரிகிற சிக்கல். மாவட்டம் எல்லாச் சங்கங்களின் திட்டங்களையும் ஒரே செலவுத் திட்டமாகக் கட்டி அறக்கட்டளைக்கு அனுப்புகிறது. அதனால் ஜூலையில் பிறக்கும் ஆண்டுக்கான விண்ணப்பத்தைப் பொதுவாக அதற்கு முந்தைய கோடையிலேயே கேட்பார்கள். அப்போது கல்லூரியில் தேர்வு நேரம். பழைய நிர்வாகிகள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள், புதியவர்கள் பொறுப்பேற்றிருக்க மாட்டார்கள். விண்ணப்பம் நழுவுவது சரியாக இந்த இடைவெளியில்தான். இரண்டாமாண்டு மாணவர் ஒருவரை ஜனவரியிலேயே மானியப் பொறுப்பாளராக்கி, அடுத்த ஆண்டும் அவரையே தொடரச் செய்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்தது. ஜனவரியில் பள்ளியைத் தேர்ந்து, பிப்ரவரியில் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி, மார்ச்சில் தலைமை ஆசிரியரின் கடிதத்தையும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தையும் கோப்பில் வைத்துவிட வேண்டும்.

ஒப்புதல் வருமுன் வேலையைத் தொடங்கக் கூடாது. முடித்துவிட்ட வேலைக்குப் பின்னால் பணம் தரும் ஏற்பாடு இதில் இல்லை. ஆர்வக்கோளாறில் ஜூலையிலேயே குழி தோண்டிவிட்டால் அந்தச் செலவு உங்களோடது. ஒப்புதலும் பணமும் வந்து சேர்வதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அக்டோபர், நவம்பரில் தோண்டிய உறிஞ்சுகுழி கல் போடும் முன்பே குட்டையாகிவிடும். ஆகவே வேலைக்கான மாதங்கள் என்று பொங்கல் கழிந்து மார்ச் நடு வரைக்குமான இரண்டையே கணக்கில் கொள்ளுங்கள். ரோட்டரி ஆண்டு முடிய அப்போதும் மூன்று மாதத்துக்கு மேல் கையில் இருக்கும், மூச்சு விடலாம். பிப்ரவரியில் வாங்கிய விலைப்புள்ளி அடுத்த ஜனவரியில் செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். சிமென்ட், பி.வி.சி. குழாய் விலை ஏறியிருக்கும். அந்த ஏற்றத்துக்கான பத்து சதவீதத்தைச் சங்கத்தின் சொந்தப் பங்கில் ஒதுக்கி வைப்பது நல்லது. மானியத் தொகை நடுவில் கூடாது.

பட்ஜெட்டில் வழக்கமாக விட்டுப்போவதைச் சொல்லிவிடுகிறேன். குழாயும் தொட்டியும் எல்லோர் பட்டியலிலும் இருக்கும். இருக்கிற ஆழ்துளைக் கிணற்றிலிருந்து புதுத் தொட்டிவரை போகும் குழாய், தொட்டி நிரம்பி வழியாமல் தடுக்கும் மிதவை வால்வு, உறிஞ்சுகுழிக்குக் கருங்கல்லும் ஜல்லியும், கொத்தனார் கூலி ஆகிய நான்கும் இருக்காது. முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளுக்குக் குழாய் தரையிலிருந்து ஐம்பது, ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரே உயரத்தில் ஆறையும் வைத்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எட்டிப் பிடித்துத் தொங்க, குழாய் ஆட்டம் காணும். மூன்றைத் தாழவும் மூன்றை உயரவும் வையுங்கள். உறிஞ்சுகுழி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பதினைந்து மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பள்ளி வளாகம் சின்னது என்றால் இதற்காகவே குழாய்ச் செலவு கூடும், அதையும் பட்ஜெட் போடும் முன்பே நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பில். பில் யார் பெயரில் என்பதுதான் கேள்வி. மாவட்ட மானியப் பணம் ரோட்டரி சங்கத்தின் கணக்குக்கு வரும். செலவழிக்க இரண்டு ரோட்டரி உறுப்பினர்களின் கையெழுத்து தேவை. பில்லும் அந்தச் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், பணமும் அந்தக் கணக்கிலிருந்தே கடைக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு ஒரு மாணவர் தன் ஜிபேயில் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றால் அறிக்கை எழுதும்போது தலைவலி. கொத்தனாருக்குப் பில் இருக்காது, வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. பில்கள் எல்லாவற்றையும் ஐந்து ஆண்டாவது வைத்திருக்க வேண்டும். மாணவர்கள் மூன்று ஆண்டில் போய்விடுவார்கள் என்பதால் மூலம் ரோட்டரி சங்கத்திடமும் நகல் உங்களிடமும் இருப்பதே சரி. வேலைக்கு முன், நடுவில், பின் என ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். முன்படம் எடுக்க மறந்தால் அதைப் பிறகு எங்கே போய் எடுப்பது?

என்.எஸ்.எஸ்.ஸில் பில் அலகின் பெயரில், பொருள் அலகின் இருப்புப் பதிவேட்டில். மண்வெட்டி, கடப்பாரை, முதலுதவிப் பெட்டிக்கு இது பொருத்தம், அவை அடுத்த முகாமுக்கும் வேண்டியவை. பள்ளியில் பதித்துவிட்ட தொட்டியையும் குழாயையும் அதே பதிவேட்டில் ஏற்றினால் தணிக்கையில் "பொருள் எங்கே?" என்று கேட்பார்கள். மாவட்ட மானியத்தில் ஒப்படைப்புக் கடிதம் ஒன்றும், பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறிய பக்கத்தின் நகல் ஒன்றும் போதும். அத்தோடு பொருள் பள்ளியுடையது. பராமரிப்புக்கு இரண்டு தரப்பும் பைசா தராது. பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை முன்பு சொன்ன மேலாண்மைக் குழுத் தீர்மானத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

சி.எஸ்.ஆர். பற்றி. கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவில் வரும் நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதம் செலவிட வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டு பலர் விண்ணப்பம் எழுதுகிறார்கள். 2021 ஏப்ரலிலிருந்து அந்தப் பணத்தை வாங்கிச் செயல்படுத்தும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இல்லாத மாணவர் சங்கத்துக்கு நேரடியாக வழியில்லை, கல்லூரியின் அறக்கட்டளை முன்வந்தால் உண்டு. உன்னத் பாரத் அபியான் 2014 நவம்பரில் தொடங்கியது, ஐ.ஐ.டி. டெல்லி ஒருங்கிணைக்கிறது. அங்கே பணம் கல்வி நிறுவனத்துக்கு, அதுவும் தத்தெடுத்த கிராமங்களில் ஆய்வு, தொழில்நுட்ப வேலை என்ற சட்டகத்துக்குள். உங்கள் கல்லூரி ஏற்கெனவே அதில் இருந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் ஒரு தொட்டிக்காக அதில் சேரும் வேலை மிஞ்சிப்போகும்.

என்.எஸ்.எஸ். வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது. ஏரிக்கரையில் சீமைக் கருவேலம் அகற்றுவது, வாய்க்கால் தூர்வாருவது, ரத்ததான முகாம், வீடு வீடாகக் கணக்கெடுப்பு போன்றவற்றில் செலவென்றால் சாப்பாடும் வண்டியும்தான். ஊராட்சித் தலைவரிடமும் வட்டார அலுவலகத்திலும் கதவு எளிதாகத் திறப்பதும் அந்தப் பெயருக்குத்தான். ரோட்டரியிடம் பத்து மாதம் காத்திருந்து வாங்க வேண்டிய அளவுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். பொருள் மாவட்ட மானியத்தில், தோண்டுவதும் சுமப்பதும் வர்ணம் அடிப்பதும் என்.எஸ்.எஸ். தன்னார்வலர்களால் என்று பிரித்தால் கூலி மிச்சம், அவர்களுக்கும் 240 மணி நேரக் கணக்கில் ஏறும். அப்படிச் செய்யும்போது தேநீர், வண்டிச் செலவு எந்தக் கணக்கில் என்பதை முதல் நாளே எழுதி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே பில்லின் நகல் இரண்டு கோப்பிலும் இருந்தால் இரண்டு தணிக்கையிலும் மாட்டுவது நீங்கள்தான்.