ரத்த-மூளைத் தடுப்பு: 30 வயதிலும் 60 வயதிலும்

உடலின் நோய் எதிர்ப்புப் படையே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்க்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்று ஒரே பெயர்தான். ஆனால் 30 வயதுக்காரரையும் 60 வயதுக்காரரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரத்தத்தில் இருப்பவை கண்டபடி மூளைக்குள் புகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு பழுதாகும் விதமே வேறு.

இளவயதில் தடுப்பு பொதுவாகத் திடமாகவே இருக்கும், உடைப்பது வெளியிலிருந்து வரும் படை. ரத்தத்தில் சுற்றும் டி செல் என்ற நோய் எதிர்ப்பு செல், தன் மேலுள்ள ஆல்ஃபா-4 இன்டெக்ரின் புரதத்தால் நுண்சிரையின் உள்சுவரில் ஒட்டி, நின்று, அப்புறம் நுழைந்துவிடும். காடோலினியம் என்ற ஸ்கேன் மருந்தை ரத்தத்தில் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் சில வாரங்களில் மங்கியும் போகும். நடலிசுமாப் என்ற மருந்து தடுப்பது அந்த ஒட்டுதலைத்தான், அதனால் இங்கே நன்றாகவே வேலை செய்கிறது.

வயது ஏறினால்? பளிச்சிடும் புண்கள் குறைகின்றன. சரி, தடுப்பு தேறிவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நோயே இல்லாதவர்களுக்கும் முதுமையில் நுண்குழாயைத் தாங்கும் பெரிசைட் செல்கள் குறைந்து மெல்லிய கசிவு உண்டாகலாம், அது வழக்கமான ஸ்கேனில் சிக்காது. ஃபைப்ரினோஜன் போன்ற ரத்தப் புரதம் உள்ளே கசிந்தால் மைக்ரோகிளியா என்ற மூளையின் காவல் செல்கள் சீண்டப்படும், ஏற்கெனவே உள்ளே தங்கிவிட்ட அழற்சியும் சேர்ந்துகொள்ளும், திடீர்த் தாக்குதல் என்று எதுவும் இல்லாமலே நடை தளரும். மெல்ல முற்றும் இந்த வகையில் நடலிசுமாபைச் சோதித்தபோது முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆச்சரியமில்லை, எதிரி உள்ளேயே குடியிருக்கிறானே!

என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய தலைவலி. தடுப்பைக் கடந்து மூளைக்குள்ளேயே வேலை செய்யும் டோலெப்ருடினிப் போன்ற மருந்துகளைச் சோதிப்பது இதனால்தான்.