வாரம் ஒரு நலம் விசாரிப்பா, நாள்தோறும் நினைவூட்டலா? எச்.ஐ.வி. மருந்துக்கான குறுஞ்செய்தி முறைகள்: ஓர் ஒப்பீடு

எச்.ஐ.வி. உள்ளவர்கள் கூட்டு மருந்தை (வைரஸைக் கட்டுப்படுத்தும், பொதுவாக மூன்று மருந்துகளின் சேர்க்கை) இடைவிடாமல் உட்கொள்ளக் குறுஞ்செய்தி உதவுமா என்று கேட்டால், உதவும் என்பதற்கும் உதவாது என்பதற்கும் தரமான ஆய்வுகளைக் காட்டலாம். இந்த முரண்பாட்டுக்குப் பெரும்பகுதி காரணம், அந்த ஆய்வுகள் ஒரே முறையைச் சோதிக்கவில்லை என்பதுதான். செவிலியர் வாரம் ஒருமுறை நலம் விசாரித்துப் பதிலுக்குக் காத்திருப்பது ஒரு முறை. கணினி குறித்த நேரத்தில் ஒரு நினைவூட்டலை அனுப்பிவிட்டு அத்துடன் நின்றுவிடுவது இன்னொரு முறை. எழுத்துக்குப் பதிலாகப் பதிவுசெய்த குரலில் அழைப்பதும், மாத்திரைப் பெட்டி திறக்கப்படாத நாளில் மட்டும் செய்தி அனுப்புவதும் அடுத்த இரண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் குறுஞ்செய்தியை ஏற்றுக்கொண்டது. ஆயினும் பிற உதவிகளோடு சேர்த்துப் பயன்படுத்தக்கூடிய நினைவூட்டுக் கருவி என்ற அளவிலேயே அதை வைத்தது. ஒரு சிகிச்சை மையம் இந்த நான்கில் எதற்குப் பணமும் ஆளும் ஒதுக்கலாம் என்பதை ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இத்துறையில் அதிகம் பேசப்படும் இரண்டு ஆய்வுகளும் கென்யாவில் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை. முதலாவது, 2007 முதல் 2008 வரை ஆட்களைச் சேர்த்து, நைரோபியின் இரு மையங்களிலும் கிராமப்புறமான கஜியாடோவிலும் நடத்தப்பட்டு, 2010-இல் லான்செட் இதழில் வெளியான வெல்டெல் ஆய்வு. மருந்து தொடங்கிய 538 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு வாரந்தோறும் ‘மாம்போ?’ என்று சுவாஹிலி மொழியில் நலம் விசாரிக்கும் ஒற்றைச் சொல் செய்தி சென்றது. அவர்கள் 48 மணி நேரத்துக்குள் ‘சாவா’ (நலம்) என்றோ ‘ஷிடா’ (சிக்கல்) என்றோ பதில் அனுப்ப வேண்டும். சிக்கல் என்றவர்களையும் பதிலே அனுப்பாதவர்களையும் மையத்தின் மருத்துவப் பணியாளர் தொலைபேசியில் அழைத்துப் பேசுவார். ஓராண்டு முடிவில் 95 விழுக்காட்டுக்கு மேல் மருந்து உட்கொண்டதாகக் கூறியவர்கள் செய்தி பெற்ற குழுவில் 62 விழுக்காடு, மற்றதில் 50 விழுக்காடு. இரத்தத்தில் வைரஸ் அளவு கட்டுப்பட்டிருந்தவர்கள் முறையே 57, 48 விழுக்காடு. பரிசோதனைக்கு வராதவர்களையும் கட்டுப்படாதவர்களாகவே கணக்கிட்டதால்தான் இந்த இரண்டாம் இணை எண்கள் இவ்வளவு தாழ்ந்து தெரிகின்றன. அந்தக் கண்டிப்பு ஆய்வின் மதிப்பை உயர்த்துகிறது என்றே கருதுகிறேன்.

இரண்டாவது, மேற்குக் கென்யாவின் சுலாய்ம்போ கிராமப்புறச் சுகாதார மையத்தில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு. இங்கே பதில் எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை. 431 பேரில் செய்தி பெற வேண்டியவர்களை நான்கு வகையாகப் பிரித்து, நாள்தோறும் குறுகிய செய்தி, நாள்தோறும் சற்று நீண்ட செய்தி, வாரம் ஒரு குறுகிய செய்தி, வாரம் ஒரு நீண்ட செய்தி என அனுப்பினர். குறுகிய செய்தி வெறும் நினைவூட்டல். நீண்டதில் ஊக்கமூட்டும் சொற்கள் கூடுதலாக இருந்தன. மருந்து உட்கொண்டதை நோயாளியின் வாய்மொழியால் கணிக்காமல், புட்டியின் மூடி திறக்கப்படும் ஒவ்வொரு முறையையும் பதிவுசெய்யும் மின்னணு மூடியால் அளந்தனர். 48 வாரங்களில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் மருந்து எடுத்தவர்கள், வாரச் செய்தி பெற்றவர்களில் 53 விழுக்காடு. செய்தி பெறாதவர்களில் 40 விழுக்காடு. நாள்தோறும் செய்தி பெற்றவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் தென்படவில்லை. ஊக்கச் சொற்களைக் கூட்டியதாலும் பயன் கூடவில்லை.

நாள்தோறும் மருந்து எடுக்க வேண்டியவருக்கு நாள்தோறும் நினைவூட்டுவதுதானே பொருத்தம் என்று எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ஒரே சொற்றொடர் ஒரே நேரத்தில் தினமும் வந்தால் சில வாரங்களில் அதைப் படிக்காமலேயே அழிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. சிலருக்கு அது கண்காணிப்பாகவும் படுகிறது. இந்த ஆய்வில் இன்னொரு முடிவு இதைவிடக் கவனத்துக்குரியது. 48 மணி நேரத்துக்கு மேல் மருந்தைத் தொடர்ந்து நிறுத்திய இடைவெளி ஒன்றாவது ஏற்பட்டவர்கள் செய்தி பெறாதவர்களில் 90 விழுக்காடு, வாரச் செய்தி பெற்றவர்களில் 81 விழுக்காடு. அக்காலத்தில் கென்யாவில் பெருவாரியாகக் கொடுக்கப்பட்ட நெவிராபின், எஃபாவிரென்ஸ் ஆகிய மருந்துகள் நிறுத்திய பிறகும் நாட்கணக்கில் இரத்தத்தில் தங்குபவை; கூட்டிலுள்ள மற்ற மருந்துகள் அவற்றுக்கு முன்பே வெளியேறிவிடும். ஆகவே மூன்று மருந்தையும் சேர்த்து நிறுத்தினாலும், அந்த இடைவெளியில் வைரஸ் ஒரே ஒரு மருந்தை மட்டும் எதிர்கொள்கிறது. ஒற்றை மரபணு மாற்றமே இவ்வகை மருந்தைச் செயலிழக்கச் செய்யப் போதும் என்பதால், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறிய வேளைகளைவிடத் தொடர்ச்சியாக விட்ட நான்கைந்து நாட்களே அதிகக் கேடு விளைவித்தன. அத்தகைய இடைவெளியை வாரம் ஒரு செய்தியாலும் ஓரளவுக்கே குறைக்க முடிந்தது என்பதையும் மேற்கண்ட எண்களே காட்டுகின்றன.

அப்படியானால் வாரம் ஒரு முறை என்பதில்தான் பயன் இருக்கிறதா? கேமரூன் தலைநகர் யவுண்டேயின் மத்திய மருத்துவமனையில் 200 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை அசைக்கிறது. அங்கும் வாரம் ஒரு செய்திதான், ஊக்கமூட்டும் செய்திதான். வேண்டுமானால் அழைக்கத் தொலைபேசி எண்ணும் சேர்த்து அனுப்பினார்கள். ஆறு மாதங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வெல்டெல் முறையில் மௌனம்கூட ஒரு பதிலாகக் கொள்ளப்பட்டு மையத்திலிருந்து அழைப்பு சென்றது. யவுண்டேயில் அழைக்கும் பொறுப்பு நோயாளியிடம் விடப்பட்டது. ஊர்கள், மருந்துகள், ஆய்வின் அளவு என வேறு வேறுபாடுகளும் இருப்பதால் இதை மட்டுமே காரணம் என்று அறுதியிட முடியாது. எனினும் துன்பத்தில் இருப்பவர்தான் முதலில் தொலைபேசியை எடுக்கத் தயங்குபவர் என்பதை ஆலோசகராகப் பணியாற்றிய எவரும் அறிவார்கள்.

குரல் அழைப்பு முறைக்கு நம் பக்கத்திலேயே பெரிய சான்று உண்டு. தென்னிந்தியாவில் புதிதாகக் கூட்டு மருந்து தொடங்கிய 631 பேரை 96 வாரங்கள் பின்தொடர்ந்த ஆய்வு 2014-இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. வாரந்தோறும் அவரவருக்கேற்ற தானியங்கிக் குரல் அழைப்பும், நோயின் பெயர் எதுவும் தெரியாத ஒரு படச் செய்தியும் அனுப்பப்பட்டன. எழுத்தறியாதவரையும் எட்டக்கூடிய, அந்தரங்கம் காக்கும் ஏற்பாடு என்பதால் இதன்மீது எதிர்பார்ப்பு அதிகமாக இருந்தது. முடிவோ ஏமாற்றமளித்தது: சிகிச்சை தோற்ற விகிதம் அழைப்பு பெற்றவர்களில் 100 நபர்-ஆண்டுகளுக்கு (100 பேரை ஓராண்டு பின்தொடர்வதற்குச் சமம்) ஏறத்தாழ 10.5, பெறாதவர்களில் 10.7. மருந்து தொடங்குமுன் ஆலோசனை வழங்கும் வழக்கம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் கூடுதல் பயனுக்கு இடம் குறைந்திருக்கலாம். என் கணிப்பில், பதிவுசெய்த குரல் எவ்வளவு கனிவாக இருந்தாலும், மறுமுனையில் ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வை அது தருவதில்லை. இந்திய மையங்கள் இதில் புதிதாக முதலீடு செய்யக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பெட்டி திறக்கப்படாதபோது செய்தி அனுப்பும் முறையே தொழில்நுட்பத்தில் மிகவும் முன்னேறியது, விலையும் அதிகம். சீனாவின் குவாங்சி தன்னாட்சிப் பகுதியிலுள்ள நான்னிங் நகரில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், உரிய நேரத்தில் 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் மருந்து எடுத்தவர்கள் இம்முறையில் 87 விழுக்காட்டை எட்ட, மற்றவர்கள் 52 விழுக்காட்டில் நின்றனர். இந்த எண்களைப் பார்த்ததும் போட்டி முடிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே பெட்டியின் பதிவுகளை வைத்து நேரடி ஆலோசனையும் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு உகாண்டாவின் ம்பராரா பகுதியிலிருந்து வந்த சிறிய ஆய்வில், மருந்து தவறிய பிறகு மட்டும் செய்தி பெற்றவர்கள் எந்தச் செய்தியும் பெறாதவர்களைவிட மேம்படவில்லை. முதல் மாதம் நாள்தோறும், பிறகு வாரந்தோறும் என்று குறைத்துக்கொண்டே வந்த திட்டமிட்ட செய்திதான் அங்கே பயன் தந்தது. பங்கேற்றவர்கள் 63 பேரே என்பதால் அளவுக்கு மீறி எடைபோட வேண்டாம். ஆனாலும் தொடக்கத்தில் நெருக்கமாகவும் பழக்கம் ஏற்பட்ட பின் இடைவெளி விட்டும் அனுப்புவது என்ற ஒழுங்கு, சுலாய்ம்போவின் முடிவோடு மோதவில்லை. சலிப்பு வருமுன்னரே அங்கே தினச் செய்தி நிறுத்தப்பட்டுவிடுகிறது.

பதில் கேட்கும் முறையே சிறந்தது என்று இதுவரை நான் சாய்ந்து வந்ததற்கு எதிரான சான்றுகளையும் வைத்தாக வேண்டும். உகாண்டா தலைநகர் கம்பாலாவில் 15 முதல் 22 வயதுவரையான 332 இளைஞர்களிடம் ஒருவழிச் செய்தியையும் பதில் அனுப்பக்கூடிய இருவழிச் செய்தியையும் ஒப்பிட்டனர். 2017-இல் வெளியான அதன் முடிவில் செய்தி பெறாதவர்களின் மருந்து ஒழுங்கு 67 விழுக்காடு, ஒருவழியில் 64, இருவழியில் 61. அதாவது எதுவும் உதவவில்லை. வெல்டெல் குழுவே நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் 700 பேரிடம் வாரச் செய்தியைச் சோதித்தபோது, சிகிச்சைத் தொடர்பில் நீடித்தவர்கள் 79 விழுக்காடு. செய்தி பெறாதவர்களில் 81 விழுக்காடு. ஆனால் இவர்களில் பலர் அப்போது மருந்தே தொடங்காதவர்கள். பரிசோதனை முடிந்து மையத்துக்கு வந்துபோவதை நீட்டிப்பதே அங்கு இலக்கு. விடுதி அறையிலோ பெற்றோர் கண்முன்னோ மாத்திரையை மறைத்து விழுங்க வேண்டிய பதின்பருவத்தினரின் தடை மறதி அன்று, பிறர் அறிந்துவிடுவார்களோ என்ற அச்சம். அதற்கு எந்த வடிவச் செய்தியும் மருந்தாகாது. ஒத்த வயதினரின் குழுவும் நம்பகமான ஒரு பெரியவரும் தேவை.

அந்தரங்கத்தைப் பொறுத்தவரை வெல்டெல்லின் ஒற்றைச் சொல்லே மற்ற எல்லாவற்றையும் விடப் பாதுகாப்பானது. குடும்பத்துக்கே ஒரு கைபேசி என்றிருக்கும் வீட்டில் நலம் கேட்கும் செய்தியை யார் படித்தாலும் ஐயம் எழாது. ‘இது உங்களுக்கான நினைவூட்டல்’ என்பதோ எதை நினைவூட்டுகிறது என்ற கேள்வியை உடனே கிளப்பிவிடும். மையத்தின் பெயரை அனுப்புநர் பெயராக வைப்பதை எந்த முறையிலும் தவிர்த்தாக வேண்டும்.

செலவில் ஒரு மறைபொருள் உண்டு. செய்திக்கான கட்டணம் அற்பம். பதில் வராதவர்களை அழைக்கும் செவிலியரின் நேரமே உண்மையான செலவு. ஆயிரம் நோயாளிகளுக்கு ஒரே செவிலியர் உள்ள மையம் பதில் கேட்கும் முறையைத் தொடங்கிவிட்டு ‘சிக்கல்’ என்ற செய்திகளை இரண்டு நாட்கள் கவனிக்காமல் விட்டால், ஒன்றும் அனுப்பாமல் இருந்ததைவிட அது கேடாகிவிடும். அத்தகைய மையத்துக்கு வாரம் ஒரு எளிய ஒருவழி நினைவூட்டல்தான் நேர்மையான தேர்வு. ஆள்வசதி உள்ள மையம் மருந்து தொடங்கும் நாளிலேயே வார விசாரிப்பைத் தொடங்கலாம். முதல் மாதத்தில் மட்டும் நாள்தோறும் செய்தி வேண்டுமா என்பதை நோயாளியிடமே கேட்டு முடிவுசெய்யலாம்.

மின்னணுப் பெட்டியை எல்லோருக்கும் கொடுக்க வேண்டிய தேவை இப்போது குறைந்துவிட்டது. டோலுடெக்ராவிர் சேர்ந்த, நாளுக்கு ஒரு மாத்திரை முறை முந்தைய மருந்துகளைவிடத் தவறிய வேளைகளைத் தாங்குகிறது. மருந்து எதிர்ப்பும் அதில் எளிதில் உருவாவதில்லை. இம்மருந்தில் இருப்பவருக்கு வைரஸ் அளவு உயர்ந்தால், பெரும்பாலும் மாத்திரை உள்ளே போகவில்லை என்பதே காரணம். அந்த ஒரு சிலருக்கு மட்டும் பெட்டியைச் சில மாதங்களுக்குக் கொடுத்து, அதன் பதிவை நோயாளியும் ஆலோசகரும் சேர்ந்து பார்த்தால், விலை கூடிய அடுத்த நிலை மருந்துக்கு மாற்றுவது தேவைதானா என்பது தெளிவாகும்.