போர்டில் இருக்கும் என் படத்தை நம்பி மெடிக்கல் கோடிங் சேராதீர்கள்

போன மாதம் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் கோட்டூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கிட்டே வந்து, "ஏம்மா, நீதானே அந்த போர்டுல இருக்குற பொண்ணு? மெட்ராஸ்ல வேலையாமே. அங்க நல்லா சொல்லித் தர்றாங்களா? எம் பொண்ண சேக்கலாம்னு இருக்கேன்" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நான் மெடிக்கல் கோடிங் (ஆஸ்பத்திரி பில்லுக்குக் குறியீடு போடும் வேலை) படித்த சென்டரின் பெரிய ஃபிளெக்ஸ். வரிசையாகப் பன்னிரண்டு முகம். இரண்டாவது வரிசையில் நீலச் சுடிதார், வெள்ளைத் துப்பட்டாவோடு நான். சேரும்போது நான் கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ அது. கீழே 'சென்னையில் பணி' என்று போட்டிருந்தது. நான் திருவாரூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். மாதம் ஒன்பதாயிரம். சென்னைக்குக் கடைசியாகப் போனது சித்தி பெண் கல்யாணத்துக்கு.

அந்த அம்மாவிடம் பத்து நிமிஷத்தில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். சென்டரின் பெயரைப் போட வேண்டாம் என்று எங்கள் வக்கீல் அண்ணன் சொல்லியிருப்பதால் போடவில்லை. டெல்டா முழுக்க இப்படிப்பட்ட போர்டுகள் தொங்குகின்றன, பெயர் தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

நான் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தது 2023 ஏப்ரல். அந்த வருஷக் குறுவை எங்கள் பக்கம் என்ன ஆயிற்று என்று கடைமடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதி திறந்தும் ஆகஸ்டிலேயே வாய்க்கால் வறண்டு பயிர் கருகியது. அப்பாவுக்குக் குத்தகை நிலம் இரண்டு மா. கையில் காசே இல்லாத அந்த அக்டோபரில்தான் அந்த சென்டரின் ஓனர் எங்கள் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "அய்யா, இனிமே நீங்க தண்ணிக்குக் காத்துக் கெடக்க வேணாம். உங்க பொண்ணு ஏசி ரூம்ல உக்காந்து அமெரிக்காக்காரனுக்கு பில் போடும். நூத்துக்கு நூறு பிளேஸ்மென்ட். நாலு மாசம்." அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். மறுவாரம் அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனுக்குப் போனது.

கோர்ஸ் பீஸ் 42,000. அதற்கு ஒரு ரசீது கொடுத்தார்கள், கையால் எழுதியது. அப்புறம் 'இன்டர்நேஷனல் எக்ஸாம் பீஸ்' என்று 28,000. அதற்கு ரசீது கிடையாது, ஓனரின் மச்சினர் நம்பருக்கு ஜி-பே செய்யச் சொன்னார்கள். ஏன் சென்டர் கணக்கில் போடக் கூடாது என்று கேட்கத் தோன்றவில்லை. வெரிஃபிகேஷனுக்கு என்று பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிசி எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் கோடிங் பொய் வேலை இல்லை. அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, என்ன நோய் என்பதற்கு ஐசிடி-10-சிஎம் என்ற பட்டியலிலிருந்து ஒரு கோடு (குறியீடு), என்ன செய்தார்கள் என்பதற்கு சிபிடி என்ற பட்டியலிலிருந்து ஒரு கோடு என்று போட்டால்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். கோடு தப்பென்றால் கிளெய்ம் திரும்பி வந்துவிடும். இதைச் செய்யும் கம்பெனிகள் சென்னையிலும் திருச்சியிலும் இருக்கின்றன. லைஃப் சயின்ஸ் படித்த ஃப்ரெஷர்களை எடுத்து அவர்களே சம்பளம் கொடுத்துப் பயிற்சி தருவதும் உண்டு. வேலை நிஜமானது என்பதால்தான் அதை வைத்து ஏமாற்றுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது.

எங்கள் வகுப்பில் பதினான்கு பேர். ஆளுக்கு இரண்டு ஸ்பைரல் பைண்டிங் கொடுத்தார்கள், ஜெராக்ஸ் எடுத்தது. அட்டை இல்லை, முதல் பத்துப் பதினைந்து பக்கம் இல்லை. சிபிடி அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷனின் காப்புரிமை, அதை இப்படி ஜெராக்ஸ் போட்டு விற்பதே தப்பு என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. முதல் பக்கங்கள் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "அதெல்லாம் முன்னுரை, தேவையில்லம்மா" என்றார் டிரெயினர் சார். ஐசிடி புத்தகத்தின் முன்பக்கங்களில் இருப்பது முன்னுரை இல்லை, கைட்லைன்ஸ். எந்தக் கோடை முதலில் போடுவது, எதை எதோடு சேர்ப்பது என்று சொல்லும் சட்டமே அதில்தான் இருக்கிறது. அதைக் கிழித்துவிட்டுக் கோடிங் கற்றுத் தருவது, பஞ்சாங்கத்தில் திதி நட்சத்திரத்தைக் கிழித்துவிட்டு நாள் பார்க்கச் சொல்வது மாதிரி.

ஒருநாள் எங்கள் ஊர்க் கதையையே கேள்வியாகக் கேட்டேன். பெரியப்பாவை மாடு முட்டி வலது கை மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்தது, இதற்கு எப்படி கோடு போடுவது? சார் தேடி எடுத்தார். எஸ்52.501ஏ, அதோடு டபிள்யூ55.22எக்ஸ்ஏ. மாடு முட்டியதற்கே தனிக் கோடு இருக்கிறது என்றதும் வகுப்பே சிரித்தது. நடுவில் அந்த எக்ஸ் எதற்கு சார் என்றேன். "எக்ஸ்னா தெரியாதுன்னு அர்த்தம். எந்த மாடுன்னு நமக்குத் தெரியாதுல்ல" என்றார். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்!

அந்த எக்ஸ் வெறும் இடம் நிரப்பி. ஏழாவது இடத்தில் எழுத்து வர வேண்டிய கோடுகளில், ஆறாவது இடம் காலியாக இருந்தால் எக்ஸ் போட்டு நிரப்ப வேண்டும். ஏழாவதாக வரும் ஏ என்றால் சிகிச்சை இப்போது நடக்கிறது, டி என்றால் சிகிச்சை முடிந்து தேறிவரும் கட்டம், எஸ் என்றால் பழைய காயத்தின் பின்விளைவு. இதில் மாட்டின் அடையாளத்துக்கு என்ன வேலை? கோடிங் படித்தவர்களுக்கு இது முதல் வாரப் பாடமாம். எங்கள் சாருக்கு நாலாவது மாதத்திலும் தெரியவில்லை.

2024 மார்ச்சில் பிளேஸ்மென்ட் என்று திருச்சிக்கு அழைத்துப் போனார்கள். பஸ் காசு எங்களுடையது. போய்ப் பார்த்தால் அது வாக்-இன், யார் வேண்டுமானாலும் வரலாம். வாசல் செக்யூரிட்டிக்கோ உள்ளே இருந்த எச்.ஆருக்கோ எங்கள் சென்டரின் பெயரே தெரியவில்லை. சரி, வந்தது வந்தோம் என்று டெஸ்ட் எழுதினேன். ஒரு கேள்வி எனக்கு நன்றாகத் தெரிந்தது: புதிய நோயாளி, சின்னப் பூச்சிக்கடி, வேறு தொந்தரவு இல்லை, ஆபீஸ் விசிட் (கிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பது) கோடு என்ன? 99201 என்று எழுதினேன். மூன்று வாரம் அதைத்தான் படித்திருந்தோம். ஹிஸ்டரியில் (நோயாளி சொல்லும் விவரம்) எத்தனை பாயிண்ட், எக்ஸாமில் (டாக்டர் உடம்பைப் பரிசோதிப்பது) எத்தனை பாயிண்ட் என்று விரல் விட்டு எண்ணி எண்ணிப் போட்ட கோடு.

அப்புறம் நேர்காணல். என் பேப்பரை வைத்திருந்த மேடத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பென்சிலால் அந்த 99201-ஐ வட்டமிட்டு, என்னை ஒருமுறை பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கோடு செத்து மூணு வருஷம் ஆச்சும்மா. எந்த வருஷப் புக்குல படிச்சீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. புத்தகத்துக்கு வருஷம் உண்டு என்பதே அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவரே விளக்கினார். அந்த ஐந்து நிமிஷத்துக்கு இன்றுவரை நன்றி. சிபிடி ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் மாறும். ஐசிடி அக்டோபர் 1-ஆம் தேதி மாறும், சில வருஷம் ஏப்ரலிலும் கொஞ்சம் மாறும். 2021 ஜனவரியிலிருந்து 99201 கிடையாது. 99201, 99202 இரண்டுக்கும் டாக்டர் எடுக்கும் முடிவின் சிக்கல் ஒரே அளவுதான் என்பதால் ஒன்றை நீக்கிவிட்டார்கள். அதே நாளிலிருந்து ஆபீஸ் விசிட்டுக்கு ஹிஸ்டரி, எக்ஸாம் எண்ணும் வழக்கமும் போயிற்று. டாக்டரின் முடிவெடுப்பு எவ்வளவு சிக்கலானது, இல்லையென்றால் அன்றைக்கு மொத்தம் எவ்வளவு நேரம் செலவழித்தார், இரண்டில் ஒன்றுதான் கணக்கு. சிறுநீரக நோய் மூன்றாம் நிலைக்கு நான் எழுதிய என்18.3-ம் அதே கதைதான். 2020 அக்டோபரில் அது மூன்றாகப் பிரிந்துவிட்டது, இன்னொரு இலக்கம் சேர்க்காமல் அந்தக் கோடு செல்லாது.

வீட்டுக்கு வந்து ஸ்பைரலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நானூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஜெராக்ஸ்காரர் மறைக்கத் தவறிய ஒரே இடத்தில், ஓரத்தில் பாதி அறுந்து நின்றது: 2019.

சரி, எக்ஸாமாவது எழுதுவோம் என்று கேட்டால், 'அடுத்த மாசம்' என்றே ஓட்டினார்கள். இதற்குள் எனக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தது. சிபிசி என்பது ஏஏபிசி என்ற அமெரிக்க மெடிக்கல் கோடர்கள் அமைப்பு நடத்தும் சான்றிதழ்த் தேர்வு. 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் வாங்கினால் தேர்ச்சி. கோடு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம். அனுபவம் இல்லாமல் தேறினால் பெயருக்குப் பின்னால் சிபிசி-ஏ என்று வரும், அந்த ஏ அப்ரென்டிஸ். இதற்கு நம் பெயரில், நம் இமெயிலில் உறுப்பினர் கணக்கு இருந்தாக வேண்டும். என் மெம்பர் நம்பர் எது என்று ஓனரிடம் கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்மா." அந்த 28,000-க்கு எந்தத் தேர்வுக்கும் என்னைப் பதிவு செய்யவே இல்லை. கடைசியில் தந்தது சென்டரே அச்சடித்த பளபள சர்டிபிகேட், மூலையில் பூமி உருண்டை படம். ஏஏபிசி தளத்தில் மெம்பர் நம்பரைப் போட்டால் ஒருவருடைய சான்று நிஜமா என்று பார்க்கலாம். எங்கள் சாரின் விசிட்டிங் கார்டில் சிபிசி என்று இருந்தது. நம்பர் கேட்டேன். அடுத்த நாளிலிருந்து அவர் என் போனை எடுக்கவில்லை.

ஓனருக்கு இதற்கும் ஒரு வழி இருந்தது. "அறுபதாயிரம் குடு, ஒரு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெடி பண்ணித் தரேன், நேரா உள்ள போயிடலாம்." எங்கள் பேட்ச் தம்பி ஒருவன் கொடுத்தான். கம்பெனியில் சேர்ந்த ஆறாவது வாரம் பின்னணி விசாரணையில் மாட்டி வெளியே வந்தான். அதற்கு மேல் அவன் கதையை அவன்தான் எழுத வேண்டும்.

என் மார்க் ஷீட்டை மீட்கத்தான் அதிகம் அலைந்தேன். பணம் திரும்பக் கேட்டதும் பீரோ சாவி தொலைந்துவிட்டது. அப்பா போய்க் கேட்டபோது, "மீதிக் கட்டணம் பாக்கி இருக்கு" என்றார்கள். ஒரு பைசா பாக்கி கிடையாது. வக்கீல் அண்ணன் சொன்னபடி காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். எஸ்.ஐ. ஒரு போன் போட்டார். சாயங்காலமே சாவி கிடைத்துவிட்டது. யார் கேட்டாலும் ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள், கொடுப்பது ஜெராக்ஸாக இருக்கட்டும்.

பணத்துக்கு முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். புகார் எண் கொடுத்தார்கள், சென்டர் பதிலே தரவில்லை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போகிறோம் என்று வக்கீல் நோட்டீஸ். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸோடு அந்த ஜி-பே ஸ்கிரீன்ஷாட்டை இணைத்ததும் மச்சினர் பயந்துவிட்டார் போலிருக்கிறது, 28,000 வந்துவிட்டது. ரசீது கொடுத்து வாங்கிய 42,000 இன்னும் வரவில்லை, வழக்கு நடக்கிறது. 'வகுப்பு எடுத்துவிட்டோமே' என்பது அவர்கள் வாதம். மாடு எக்ஸ் கதையை ஆணையத்தில் சொல்ல நான் நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் பணம் கட்டிய பிறகு, 2024 நவம்பரில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று விளம்பரம் செய்யக் கூடாது, மாணவரின் படத்தையும் பெயரையும் அவர் எழுதிக் கொடுக்காமல் போடக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஐம்பது மாணவருக்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான் அது, எங்கள் சென்டர் அதற்குள் வருமா என்று வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சேர நினைக்கிறவர்கள் டெமோ கிளாஸில் உட்கார்ந்ததும் புத்தகத்தின் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். இந்த வருஷம் போட்டிருக்கிறதா பாருங்கள். அட்டை இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள், டீக்குக்கூட உட்கார வேண்டாம். டிரெயினரின் மெம்பர் நம்பரைக் கேளுங்கள். போர்டில் இருக்கும் முகங்களில் ஒருவரிடமாவது போனில் பேச வையுங்கள் என்று சொல்லுங்கள்.

அந்த அம்மா பெண்ணைச் சேர்க்கவில்லை. நேற்று அதே வழியாகப் போனபோது பார்த்தேன், ஃபிளெக்ஸை எடுக்கவில்லை. என் முகத்தின்மேல் மட்டும் வேறொரு பெண்ணின் முகத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே நீலச் சுடிதாரும் வெள்ளைத் துப்பட்டாவும் இன்னும் என்னுடையதுதான்.