பெற்றோரின் குணம் திடீரென்று மாறினால்: பொறுப்பதா, கிளம்புவதா?

எப்போதும் அளந்து பேசும் அப்பா, போன வாரத்திலிருந்து கெட்ட வார்த்தையாகக் கொட்டுகிறார். யாரையும் ஒரு சொல் குறை சொல்லாத அம்மா, பீரோவில் வைத்த பணத்தை நீதான் எடுத்தாய் என்று பெற்ற மகளையே திருடி ஆக்குகிறார். இப்படி ஒன்று நடந்ததும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும், விடு" என்பது ஒன்று. "என்னவோ ஆயிடுச்சு, இப்பவே டாக்டர்கிட்ட காட்டணும்" என்பது இன்னொன்று. பெரும்பாலும் கூடவே இருந்து பார்ப்பவர் ஒரு கட்சியிலும், போனில் பேசுகிற பிள்ளை மறு கட்சியிலும் நிற்பார்கள். போனில் பேசிய பத்து நிமிடமும் அப்பா தெளிவாகத்தான் பேசியிருப்பார். அதுவும் பொய்யில்லை, ஏன் என்று பின்னால் வருகிறேன்.

யார் பக்கம் சேருவது என்பதை நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்வேன்: எந்த நாளிலிருந்து இப்படி? "செவ்வாய்க்கிழமை வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்" என்று யாராவது நாளைக் குறித்துச் சொல்ல முடிந்தால், பொறுத்துப் பார்க்கும் கட்சி அங்கேயே தோற்றுவிட்டது. "எப்போ ஆரம்பிச்சதுன்னே தெரியலை, ஒரு வருஷமா இருக்கலாம்" என்றால் நிதானிக்கக் கொஞ்சம் இடமிருக்கிறது.

உடனே காட்டுவதன் பக்கம்

சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஒருவர் ஆளே மாறிப்போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டெலிரியம். பெரும்பாலும் உடம்பில் வேறெங்கோ ஏற்பட்ட கோளாறு மூளையைக் குழப்பிவிடும் நிலை இது. நுரையீரல் தொற்று, சிறுநீர்த் தொற்று, தண்ணீர் குடிக்காமல் உடல் வறண்டுபோவது, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை இறங்குவது, நாள்கணக்கில் மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, அறுவை சிகிச்சை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போவதுண்டு. அதனால் "உடம்பு சுடலையே" என்ற சமாதானம் செல்லாது.

இதன் போக்கு ஏற்ற இறக்கமானது. காலையில் தெளிவு, சாயங்காலம் வேறு ஆள். போனில் பிள்ளை கேட்டது அந்தத் தெளிவான நேரத்து அப்பாவைத்தான். கவனமும் நிற்காது. டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். மருத்துவர்களும் இதைக் கேட்பதுண்டு. போன வாரம்வரை வீட்டுக் கணக்கெல்லாம் பார்த்தவர் நவம்பரிலேயே நின்று வேறு எதையோ பேசத் தொடங்கினால், அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கத்திக் கூச்சலிடும் டெலிரியம் எல்லோர் கண்ணிலும் படும். ஏமாற்றுவது அமைதியான வகை. பேச்சு குறையும், பாதித் தூக்கத்திலேயே இருப்பார், சாப்பாடு தட்டிலேயே கிடக்கும். "நல்லவேளை, இப்போ தொந்தரவு இல்லாம இருக்கார்" என்று வீடே நிம்மதியடையும். அந்த நிம்மதிதான் ஆபத்து.

அவசரத்துக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவற்றோடு குணமும் மாறியிருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம்; அங்கே நிமிடங்கள்தான் கணக்கு. இன்னொன்று, சில வாரங்களுக்கு முன் தலையில் பட்ட சின்ன இடி. குளியலறைக் கதவில் இடித்துக்கொண்டதை அவரே மறந்திருப்பார். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கி, வாரங்கள் கழித்துச் சிடுசிடுப்பாகவோ மந்தமாகவோ வெளிப்படும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும், பல சமயம் சரிசெய்யவும் முடியும்.

மருந்து டப்பாவையும் அப்படியே மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். பழைய வகை சளி, அரிப்பு மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதைக் குறைக்கத் தரும் ஆக்ஸிபியூட்டினின், ஸ்டீராய்டு எல்லாமே வயதான மூளையைக் குழப்பக்கூடியவை. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகள் சிலரைச் சூதாட்டத்திலும் கண்மண் தெரியாத செலவிலும் இறக்கிவிடும். ஒழுக்கமாக வாழ்ந்த அப்பா இந்த வயதில் கெட்டுப்போய்விட்டார் என்று அழுவதற்கு முன்னால் புதிதாகச் சேர்ந்த மாத்திரை எது என்று பாருங்கள். நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். சிலவற்றைச் சட்டென்று நிறுத்துவது அதைவிட மோசம்.

பொறுத்துப் பார்ப்பதன் பக்கம்

இந்தக் கட்சிக்கும் நியாயம் உண்டு. துணையை இழந்த சோகம், காது மந்தமாகி எல்லோரும் தன்னைப் பற்றியே கிசுகிசுக்கிறார்கள் என்று தோன்றுவது, கண்புரை, தூங்காத இரவுகள் எல்லாமே ஒருவரைச் சிடுமூஞ்சி ஆக்கும். மனச்சோர்வு முதுமையில் அழுகையாக வராமல் எரிச்சலாகவும் உடம்பு வலியாகவும் வரலாம். தைராய்டு குறைவும் பி12 குறைவும் மெதுவாக இதே வேலையைச் செய்யும்.

இன்னொரு விஷயம், நாம் திடீர் என்று சொல்வதில் பாதி, நாம் திடீரென்று கவனித்தது. அம்மா இருந்தவரை அப்பாவின் தடுமாற்றத்தை அம்மாவே மறைத்துச் சமாளித்திருப்பார். அம்மா போனதும் எல்லாம் ஒரே நாளில் வெளியே வரும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் டிமென்ஷியா, அதாவது மறதி நோய் வகை ஒன்று, இப்படித்தான் பல வருடம் ஒளிந்திருக்கும். அதில் ஞாபகம் ஓரளவு நன்றாகவே இருக்கும். போவது இரக்கமும் கூச்சமும். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குவதால் "இந்த வயசுல மறதி நோயா" என்று யாரும் யோசிக்கவே மாட்டார்கள்.

மறதி நோய் மறதியில்தான் தொடங்கும் என்பதும் எப்போதும் சரியில்லை. அல்சைமர் என்ற மறதி நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், அந்த நோயின் முதல் நோயாளியாகப் பின்னாளில் அறியப்பட்ட அகஸ்டே டீட்டரை 1901-இல் பிராங்க்ஃபர்ட்டில் பார்த்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 51. அல்சைமர் எழுதிவைத்த முதல் அறிகுறி, கணவர் மீது அந்தப் பெண்ணுக்கு வந்த சந்தேகம்.

ஆக, பொறுப்பதென்றால் கையில் ஒரு நோட்டோடு பொறுக்க வேண்டும். தேதி, நேரம், என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது. இரண்டு மூன்று வாரம் எழுதிய இரண்டு பக்கம், மருத்துவர் முன்னால் உட்கார்ந்து "ஒரு மாதிரியா இருக்கார்" என்று சொல்வதைவிடப் பல மடங்கு பயன்படும். நோட்டு இல்லாத பொறுமையைத் தள்ளிப்போடுவது என்றுதான் சொல்வேன்.

யாரிடம் காட்டுவது

நாள் குறிக்க முடிகிற மாற்றமென்றால் அன்றே ரத்தம், சிறுநீர், ஸ்கேன் பார்க்க வசதியுள்ள இடம். அவசரப் பிரிவுக்குப் போகத் தயங்க வேண்டாம். மாதக்கணக்கு என்றால் முதியோர் மருத்துவர் அல்லது நரம்பியல் மருத்துவர். மனநல மருத்துவரை முதல் நாளே தேடுவதும் தவறு, கடைசிவரை தவிர்ப்பதும் தவறு. உடம்பில் காரணம் இல்லை என்று தெரிந்தபின் அவர்தான் சரியான ஆள். ஒரு எச்சரிக்கை: வயதானவர்களின் சிறுநீரில் எந்தத் தொந்தரவும் தராமல் கிருமி இருப்பது சாதாரணம். "யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்" என்று கேட்டதும் திருப்தியடைந்து மற்ற தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

திருத்துவதா, ஒத்துப்போவதா

வீட்டில் தினமும் நடக்கும் போராட்டம் இதுதான். அம்மா பணம் திருட்டுப்போனது என்கிறார். பீரோவைத் திறந்து, எண்ணிக் காட்டி, "பாருங்கம்மா, இங்கேயே இருக்கு" என்று நிரூபிப்பது ஒரு வழி. "ஆமாம்மா, யாரோ எடுத்துட்டாங்க" என்று தலையாட்டுவது இன்னொரு வழி.

டெலிரியத்தில் மெதுவாகத் திருத்துவது உதவும். "இது ஆஸ்பத்திரிப்பா, நான் உங்க பையன், இப்போ ராத்திரி எட்டு மணி" என்று அமைதியாக அடிக்கடி சொல்வது, கடிகாரம் கண்ணில் படும்படி வைப்பது, மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் மறக்காமல் மாட்டிவிடுவது, பழகிய முகம் ஒன்று பக்கத்திலேயே இருப்பது எல்லாமே சிகிச்சையின் பகுதி. அவர் திரும்பி வரக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. நாம் வழி காட்டுகிறோம்.

முற்றிய டிமென்ஷியாவில் அதே திருத்தம் கொடுமையாகிவிடும். அங்கே நிரூபித்து ஜெயித்த விவாதம் அடுத்த மணி நேரத்தில் மறந்துபோகும். அவமானப்பட்ட வலி மட்டும் தங்கிவிடும். அதற்காக இல்லாத திருடனை உண்டாக்கி அவரைப் பயமுறுத்தவும் வேண்டாம். நான் சாய்வது மூன்றாவது வழிக்கு: தகவலை விட்டுவிட்டு உணர்ச்சியைப் பிடிப்பது. "பணம் காணோம்னா பதறத்தான் செய்யும். வாங்க, சேர்ந்து தேடலாம்." இதில் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. பத்து முறை முயன்றால் ஆறு முறை பலிக்கும் என்று வையுங்கள். மீதி நான்கு முறை அடுத்த அறைக்குப் போய் நின்றுவிட்டு வாருங்கள்.

மருத்துவரிடம் அழைத்துப் போவதிலும் இதே கதை. "உங்க மூளையைப் பரிசோதிக்கணும்" என்றால் வரமாட்டார். "சும்மா வெளியே போகலாம்" என்று ஏமாற்றினால் அடுத்த முறை செருப்பே மாட்டமாட்டார். "மாத்திரை ஏகப்பட்டது சேர்ந்துபோச்சு, எது வேணும் எது வேண்டாம்னு பார்த்துட்டு வருவோம்" என்பது பாதிப் பேரிடம் எடுபடும், அது உண்மையும்கூட. குறைகளை அவர் காதுபடப் பட்டியலிடாமல், எழுதியதை முன்கூட்டியே மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அமைதிப்படுத்தும் மாத்திரை

நாலு இரவு தூங்காத குடும்பத்துக்கு இது பெரிய ஆசை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனச்சிதைவுக்கான மருந்துகளைத் தருவதால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-இலேயே எச்சரித்தது. இல்லாத ஆட்களும் குழந்தைகளும் கண்ணுக்குத் தெரியும் லூயி பாடி வகை டிமென்ஷியாவில் ஹாலோபெரிடால் போன்ற மனச்சிதைவு மருந்துகள் உடம்பை மரக்கட்டையாக்கி உயிருக்கே உலை வைக்கலாம். அவருக்கோ பிறருக்கோ உண்மையான ஆபத்து இருந்தால், மருத்துவர் சொல்லி, குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்கு. அதற்கு முன் வலி, மலச்சிக்கல், பசி, குளிர் எதுவும் இல்லையா என்று பார்த்தாயிற்றா? பக்கத்து வீட்டுத் தூக்க மாத்திரை மட்டும் எக்காரணத்துக்கும் வேண்டாம்.

தெளிந்த பிறகு

டெலிரியம் சிலருக்கு நாட்களில் விலகும், சிலருக்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். தெளிந்தவர்களில் பலருக்கு நடந்தது துண்டு துண்டாக ஞாபகம் இருக்கும். மகளைத் திருடி என்று சொன்னது ஞாபகம் வந்து அம்மா வெட்கப்பட்டு ஒதுங்கியே இருப்பார். அதைப் பேசித் தீர்ப்பதா, நடக்காததுபோல விட்டுவிடுவதா? நாமாக எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. அவராகவே ஒரு நாள் "நான் உன்னை ஏதாவது சொன்னேனாடி?" என்று கேட்டால் மட்டும், "சொன்னீங்கம்மா. உங்களுக்கு உடம்புல சோடியம் குறைஞ்சிருந்தது" என்று அந்த ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்துக் காட்டலாம்.