வி.டி.ஆர்.எல்.லா, விரல்நுனிச் சோதனையா?

தங்கச்சி மட்டக்களப்பில் முதல் கிளினிக்குக்குப் போய்வந்து கார்டை நீட்டினாள். "அக்கா, இந்த வி.டி.ஆர்.எல். எண்டா என்ன?" பாலுறவால் பரவும் சிபிலிஸ் நோய்க்கான இரத்தச் சோதனை என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்கணும். கர்ப்பிணி எல்லாருக்கும் பார்க்கிறதுதான் என்று சமாளித்தேன். (பறங்கிப்புண் என்று பழைய பேர் ஒன்று உண்டு, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் பக்கத்து வீட்டில் இருக்கிற ஊரில் அந்தப் பேர் வேண்டாம்.)

வி.டி.ஆர்.எல்.லும் அதன் தம்பிச் சோதனை ஆர்.பி.ஆரும் கிருமியைத் தேடுவதே இல்லை. 1906இல் ஜெர்மன் மருத்துவர் வாசர்மான் ஈரல் சாற்றை வைத்துத் தொடங்கியதை இப்போது கார்டியோலிபின் என்ற கொழுப்பை வைத்துச் செய்கிறோம், அதற்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருள் சீரத்தில், அதாவது இரத்தத்தின் தெளிந்த நீரில், இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம், அதனால் உடம்பு தன்னையே தாக்கும் லூபஸ் நோய், மலேரியா, சிலவேளை கர்ப்பம்கூட ஏமாற்றிவிடும். வி.டி.ஆர்.எல்.லுக்கு நுண்நோக்கி வேண்டும். ஆர்.பி.ஆருக்கு வேண்டாம்: வெள்ளை அட்டையில் சீரத்தோடு கரித்தூள் கலந்த துளி, 8 நிமிடம் சுழற்றி எடுத்தால், எதிர்ப்பொருள் இருந்தால் கறுப்புப் பொட்டுகள் திரண்டு நிற்கும், இல்லையென்றால் ஒரே சாம்பலாகக் கிடக்கும். வெறுங்கண்ணே போதும்.

அப்புறம் டி.பி.பி.ஏ. என்று இன்னொரு சோதனை. இது கிருமியின் சொந்தப் புரதங்களுக்கான எதிர்ப்பொருளையே பிடிக்கும், பொய் குறைவு. ஆனால் ஒருமுறை ரியாக்டிவ் (எதிர்ப்பொருள் இருக்கிறது என்ற ரிசல்ட்) ஆனால், பெனிசிலின் போட்டுக் குணமானவருக்கும் பெரும்பாலும் ஆயுசுக்கும் ரியாக்டிவ்தான். மருந்து வேலை செய்ததா என்று கேட்டால் வாய் திறக்காது. அதைச் சொல்வது பழைய ஆர்.பி.ஆர்.தான்: சீரத்தை 32 மடங்கு கரைத்தும் ரியாக்டிவாக (1:32) இருந்தது 8 மடங்குக்கு (1:8) இறங்கினால் சரி.

விரல்நுனியில் குத்திப் பார்க்கும் துரித சோதனைக்கு 15-20 நிமிடம், கரண்ட் வேண்டாம். தூரத்து வாகரையிலிருந்து பஸ் ஏறி வருகிறவளை ரிசல்ட்டுக்காக இன்னொரு நாள் அலைய வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அதில் பெரும்பாலானவை டி.பி.பி.ஏ. இனம்தான், பழைய நோயா புது நோயா என்று பிரிக்காது. தொற்றின் முதல் சில வாரங்களில் இவை எல்லாமே கைவிடலாம்.

என்னைக் கேட்டால், தூரத்துக் கிளினிக்குக்கு விரல்நுனி, லாப் இருக்கிற இடத்தில் ஆர்.பி.ஆரும் டி.பி.பி.ஏ.யும் சோடியாக. தாயிலிருந்து பிள்ளைக்குச் சிபிலிஸ் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்ததே, எல்லாக் கர்ப்பிணிக்கும் பார்க்கிற இந்த மலிவுச் சோதனை இல்லாமல் அது நடந்திருக்காது.

தங்கச்சிக்கு நான்-ரியாக்டிவ். "உன்ர மனுசனும் ஒருக்கா குடுத்துப் பார்க்கட்டுமே" என்றேன். கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.