ரிட்டயர் ஆனதும் வண்டியிலயே குடித்தனமா: வேனா, இழுவை கேரவனா, மாச வாடகை ஊடா?

ஊட்டப் பூட்டிப்போட்டு வண்டியிலயே சமைச்சு வண்டியிலயே படுத்து ஊரூராப் போலாமான்னு இப்ப கோயமுத்தூரு, ஈரோடு, திருப்பூரு பக்கம் ரிட்டயர் ஆனவங்க கேக்கறாங்க, பெரும்பாலும் அமெரிக்காவுல இருக்கற பையனோ மருமகனோ அனுப்புன வீடியோவுல இருந்துதான் ஆரம்பிக்குது. அங்க கதையே வேறீங்க, கேரவன் பார்க்குக்குள்ள (இந்த மாதிரி ஊட்டு வண்டிங்கள நிறுத்தறதுக்குன்னே இருக்கற எடம்) போனா கரண்டு, தண்ணி, கழிவுக்கொழாய் மூணும் வண்டிக்குப் பக்கத்துலயே இருக்கும், சொந்த ஊடே இல்லாதவங்க சவுத் டகோட்டா மாதிரி ஸ்டேட்ல ஒரு தபால் அட்ரஸ் வாங்கி அதையே முகவரியாக் காட்டி லைசன்சும் எடுத்துக்கறாங்க. நமக்கு கிட்டத்துலன்னா வாளையார் தாண்டி கேரளா, 2021ல கேரவன் டூரிசத்துக்குன்னு பாலிசி கொண்டாந்து அப்பறம் வாகமண்ல ஒரு பார்க்கும் தொறந்தாங்க. மத்தபடி ராத்திரி எங்க நிறுத்தறது, டாய்லெட் டேங்க எங்க காலி பண்றது, இந்த ரெண்டும்தான் நம்மூர்ல கேள்வி, மெத்தை டிசைன் எல்லாம் அதுக்கு அப்பறம்.

மொதல்ல வேன். ஃபோர்ஸ் ட்ராவலர் மாதிரி ஒண்ணு எடுத்து உள்ள கட்டில், அடுப்பு, சிங்க்கு, டாய்லெட் வெக்கறது. பாடி கட்ட நாம எங்கயும் அலையவேண்டியதில்ல, கரூர்ல பஸ் பாடியே கட்டறாங்க, நாமக்கல்ல லாரி பாடி. ஆனா சீட்டப் புடுங்கிப்போட்டு கட்டில் போட்டா அது மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுப்படி மாற்றம், ஆர்டிஓ கிட்ட அனுமதி வாங்கி ஆர்சியிலயும் ஏத்தோணும், கேரவனுக்குன்னே ஏஐஎஸ்-124னு தனி தர விதி வேற இருக்குது, இதெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கற ஆளாப் பாத்து வேலை குடுங்க, இல்லாட்டி நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்ல மல்லுக்கட்டோணும். லைசன்ஸ் பிரச்சனை இல்லீங்க, மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருந்தா கார் லைசன்சே போதும், ஆனா 55 தாண்டிட்டா 5 வருசத்துக்கு ஒருக்கா டாக்டர் சர்டிபிகேட்டோட புதுப்பிக்கோணும்.

வேன்ல எல்லாரும் கோட்டை உடற எடம் ஏசி. 1 டன் ஏசி ராத்திரி பூரா ஓடுனா சுமாரா 5, 6 யூனிட் இழுக்கும், 12 வோல்ட் 200 ஏஎச் லித்தியம் பேட்டரியில இருக்கறதே ரெண்டரை யூனிட்டுதான், கூரையில 400 வாட் சோலார் போட்டாலும் நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட்டுக்கு மேல எதிர்பாக்காதீங்க. அப்பறம் தண்ணி, 150 லிட்டர் டேங்குன்னா 150 கிலோவத் தூக்கிட்டுத் திரியறோம், ரெண்டு பேரு எத்தன சிக்கனமாப் பொழங்குனாலும் மூணு நாலு நாள்ல காலி. கேசு பரவால்ல, 5 கிலோ சிலிண்டர் அடையாள அட்டை காட்டுனா பெட்ரோல் பங்க்குலயே கெடைக்கும், அட்ரஸ் ப்ரூஃப் கேக்கமாட்டாங்க. டாய்லெட்டுக்கு கழட்டி எடுக்கற கேசட், அதாவது சின்னக் கழிவுப் பெட்டிதான் நல்லது, கையில தூக்கிட்டுப் போயி எங்கயாச்சும் ஒரு கக்கூசுல ஊத்திக்கலாம். அசிங்கமா இருக்குதா? அந்த வேலைய வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ நீங்கதான் பண்ணோணும், ஊட்டுக்காரம்மா பண்ணமாட்டாங்க.

ரெண்டாவது, காருக்குப் பின்னால இழுத்துட்டுப் போற கேரவன். எடத்துல கழட்டி உட்டுட்டு கார்ல கோயில் கொளம் போலாம்னு சொல்றாங்க, நாயந்தான், ஆனா மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி, திம்பத்துக்கு 27, ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40, இதுல எதுக்க பஸ் வந்தா அந்த வாலோட ரிவர்ஸ் எடுக்கறவரு எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. ட்ரைலருக்குத் தனியா ரிஜிஸ்ட்ரேஷன் வேற. சொந்தத் தோட்டத்துல நிறுத்தி ஒறம்பரை வந்தா படுக்கறதுக்குன்னா வெச்சுக்கலாம், அத்தோட சரி.

மூணாவத யாரும் வீடியோ போடமாட்டாங்க, ஏன்னா பாக்க ஒண்ணும் இருக்காது. இருக்கற கார்லயே போயி கோத்தகிரியில ரெண்டு மாசம், பழனியில ஒரு மாசம்னு வாடகைக்கு ஊடெடுத்து இருக்கறது. வேனுக்கு எல்லாம் சேத்தி 30 லட்சம் போடறீங்கன்னு வெச்சுக்குவோம், அதே 30 லட்சத்த போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் திட்டத்துல போட்டா (2023 ஏப்ரல்ல இருந்து உச்சவரம்பே அதுதான்) 8.2 சதவீதத்துக்கு 3 மாசத்துக்கு ஒருக்கா 61,500 ரூபா, மாசக் கணக்குல 20,500. வட்டிக்கு வரி உண்டு, இருந்தாலும் அந்தக் காசுல பெரிய ஆடம்பரம் இல்லாத ஒரு ஊடு எடுத்துக்கலாம், மொதலும் அப்படியே இருக்கும். முட்டிவலி இருக்கறவங்க, ராத்திரி மூணு தடவ எந்திரிக்கறவங்க இதத் தவிர வேற எதையும் யோசிக்கவே வேண்டாமுங்க. கொறைன்னா, புடிக்கலைன்னு மறுநாளே கெளம்ப முடியாது, அட்வான்ஸ் குடுத்துட்டு ஒக்காந்திருக்கோணும்.

எதுல போனாலும் ஊரு ஊட்ட வித்துப்போடாதீங்க. ரேசன், ஆதாரு, பேங்க்கு எல்லாத்துக்கும் ஒரு கதவு நம்பர் வேணும். நவம்பர் மாச பென்சன் உயிர்வாழ் சான்று ஒண்ணு மட்டும் எங்கிருந்து வேணா போன்லயே மூஞ்சியக் காட்டிக் குடுத்துக்கலாம்.

எங்கிட்டக் கேட்டா பத்துப் பேர்ல எட்டுப் பேருக்கு மூணாவதுதான். மீதி ரெண்டு பேரு, ஏசி இல்லாம படுக்கத் தெரிஞ்சவங்க, சின்ன வேனே எடுங்க, சாதாரண கார் நிறுத்தற எடத்துல நிக்கற அளவுக்கு, கல்யாண மண்டபத்துப் பக்கத்துலயோ பங்க்குலயோ கேட்டு நிறுத்திக்கலாம், பெரிய பஸ் சைசு வேண்டவே வேண்டாம். நீலகிரிக்கு மேல போறதுக்கு ஈ-பாஸ் எடுத்துக்கோணும், மைசூருப் பக்கம் போற பந்திப்பூர் காட்டு ரோட்டுல ராத்திரி 9 மணிக்கு மேல உடமாட்டாங்க, அதுக்குத் தகுந்தாப்ல பொழுதோட கெளம்புங்க. வாங்கறதுக்கு முன்னால ஒருக்கா வாடகைக்கு எடுத்துப் பாருங்க, ஆனா மார்கழி தையில எடுத்து ஊட்டிக்கு ஓட்டிட்டுப் போயி ஆகா ஓகோங்காதீங்க, சித்திரையில எடுத்து கரூர் பக்கத்துல ஒரு வாரம் ரெண்டு பேரும் அதுலயே படுத்துப் பாத்துட்டு அப்பறம் செக்குல கையெழுத்துப் போடுங்க.