கோவை சைக்கிள், மொரீஷியஸ் உப்புக்காற்று: 16 மாத அனுபவம்

2024 ஜூனில் ஒன்றரை வருட வேலை ஒப்பந்தத்தில் மொரீஷியஸ் வந்தேன். கூடவே என் சைக்கிளும் வந்தது. அலுமினிய ஃபிரேம், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், முன்னால் 3, பின்னால் 8 கியர், 32 மி.மீ. டயர். கோவையில் மூன்று வருடம் ஓட்டிய வண்டி. இங்கே இதுவரை 5,800 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கொஞ்ச காலம் வேலைக்கு வருகிற நம் ஆட்கள் "சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வரலாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

வரலாம். ஆனால் கோவையில் பார்த்துக்கொண்ட மாதிரி பார்த்துக்கொண்டால் வண்டி ஒரு வருடம் தாங்காது. என் வண்டியில் ஓடித் தேய்ந்ததைவிட உப்பில் போனதுதான் அதிகம்.

முதல் அடி விமானத்திலேயே விழுந்தது. பெடலைக் கழற்றி, ஹாண்டில்பாரைத் திருப்பி, டயரில் காற்றைக் குறைத்து, அட்டைப்பெட்டியில் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தேன். திறந்து பார்த்தால் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருந்தது. சுண்டுவிரல் நீள அலுமினியத் துண்டு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதன் வடிவம் வேறு, கடையில் போய் ஏதோ ஒன்றை வாங்கி மாட்ட முடியாது. ஊரிலிருந்து வர மூன்று வாரம் ஆயிற்று. நீங்கள் வருகிறபோது பின் கியரைக் கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிடுங்கள். கூடுதலாக ஒரு ஹேங்கர் பையில் இருக்கட்டும்.

அந்த மூன்று வாரத்தில் கிடைத்தவர்தான் சைக்கிள் பழுதுபார்க்கும் பெரியவர். நான் கத்ர் போர்னில் குடியிருக்கிறேன், அவர் கடை ரோஸ் ஹில்லில் ஒரு சந்துக்குள். வயது எழுபதுக்கு மேல். வீட்டில் கிரியோல்தான் பேச்சு, தமிழைக் கோயில் மாலை வகுப்பில் படித்தவர். நான் வாசலில் நின்றதும் நெற்றியைப் பார்த்தார். "வணக்கம். உங்கள் மிதிவண்டிக்கு என்ன ஆயிற்று, தம்பி?" என்றார். மிதிவண்டி என்ற சொல்லைப் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு வெளியே ஒருவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வாயில் வந்ததெல்லாம் வீல், செயின், பிரேக். அவர் சக்கரம், சங்கிலி என்கிறார். ஹேங்கர், கியர் என்று வரும்போது மட்டும் பிரெஞ்சுக்குப் போய்விடுவார். நீங்களும் சில சொற்களைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் வேலை சுலபம்: டியூப் என்றால் ஷாம்ப்ர் ஆ ஏர், ஹாண்டில்பார் கிதோன், பிரேக் ஃபிரேன், பின் கியர் தெராயேர்.

வளைந்த ஹேங்கரை அவர் நிமிர்த்திய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பழைய சக்கரம் ஒன்றின் அச்சை ஹேங்கரின் ஓட்டையில் திருகி மாட்டினார். அந்தச் சக்கரம் என் பின் சக்கரத்துக்கு இணையாக நிற்கிறதா என்று மேலே, கீழே, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். பிறகு சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து மெதுவாக இழுத்தார். "இரண்டாம் முறை வளைந்தால் உடையும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். புதியது வரும்வரை அது தாங்கியது.

இனி காற்று. கோவைக்காரனுக்குக் காற்று புதிதல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் அடிக்கிற காற்றில் ஓட்டியவன் நான். ஆனால் இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கு வியாபாரக் காற்று நாள் முழுக்க ஒரே திசையில் அடிக்கிறது. முதல் மாதம் மதுரை நண்பர் ஒருவர் காரில் என்னையும் சைக்கிளையும் மாஹெபூரில் இறக்கிவிட்டார். அங்கிருந்து வடக்கே கிழக்குக் கரையோரம் போனேன். ஒரு பக்கம் லயன் மலை, மறுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில் கடல், சாலை பெரும்பாலும் சமதளம். மணிக்கு 28, 30 என்று போய்க்கொண்டிருந்தது. என் கால் பலம் என்றே நினைத்தேன். திரும்பும்போது 13. தண்ணீர் தீர்ந்து, கால் துவண்டு, மாஹெபூர் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடுவதை விட்டேன். புத்தி தெளிவாகவும் கால் புதிதாகவும் இருக்கும்போது எதிர்க்காற்றில் போய்விட வேண்டும், வீடு திரும்பக் காற்று தள்ள வேண்டும்.

பொழுது என்றதும் இன்னொன்று. ஜூனில் மாலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது, அப்புறம் சட்டென்று இருட்டு. முன்விளக்கும் பின்விளக்கும் இல்லாமல் வேலை முடிந்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

சாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது நமக்குப் பழகியது. ரவுண்டானாக்கள் நிறைய. கிராமப்புறச் சாலைகள் குறுகல். பல இடங்களில் வெள்ளைக்கோட்டுக்கு அப்பால் நேராகக் கரும்பு. அறுவடைக்கு முன் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும்போது குறுக்குச்சாலையில் வருகிற வண்டி கடைசி நொடி வரை தெரியாது. ஜூனுக்குப் பிறகு வெட்ட வெட்டப் பார்வை திறக்கும், ஆனால் லாரிகளிலிருந்து விழுந்த கரும்பும் சோகையும் சாலையில் கிடக்கும். ஒருமுறை சோகை பின் கியரில் சிக்கி சங்கிலி நின்றேவிட்டது. கையால் உருவி எடுத்தேன், நல்லவேளை ஸ்போக் போகவில்லை. விடியற்காலையில் தெருநாய்கள் துரத்தும். வேகம் எடுப்பதைவிட இறங்கி சைக்கிளை நடுவில் வைத்து நடப்பதுதான் எனக்குப் பலித்தது.

ஏற்றம் கோவையை மறக்கடித்துவிட்டது. மருதமலை ஏறிப் பழகியவன் என்ற தைரியம் ஷமரேல் மலைச்சாலையில் போயிற்று. கேஸ் நொயாலில் கடல்மட்டத்திலிருந்து திரும்பியதும் வளைவுக்கு மேல் வளைவு. முதல் தடவை இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். பின்னால் பெரிய பல்சக்கரத்தை 34 பல்லுக்கு மாற்றிய பிறகு, முன்னால் 28-ஐப் போட்டு உட்கார்ந்தபடியே ஏற முடிகிறது. தீவின் உயரமான சிகரமே 828 மீட்டர்தான், ஆனால் ஏற்றம் வருகிற இடத்தில் செங்குத்தாக வருகிறது. இறக்கத்தில் ஈரம் இருந்தால் பழைய பிரேக் பேடு இரண்டே மாதத்தில் கரைகிறது. உலோகம் கலந்த பேடு போட்டேன். சத்தம் போடுகிறது, போகட்டும், பிடிக்கிறது.

கத்ர் போர்ன் மேட்டில் இருப்பதால் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் வீட்டுக்கு ஏறித்தான் வரவேண்டும். இன்னும் மேலே கியூர்பிப் பக்கம் போனால் மழையும் மூடுபனியும். அங்கே நனைந்துகொண்டிருக்கிற அதே நேரத்தில் மேற்கே ஃபிளிக்-ஆன்-ஃபிளாக்கில் வெயில் காயும். மழைக்கோட்டு எப்போதும் சட்டைப்பையில்.

இப்போது உப்பு. மேற்குக் கரையில் டமரின் பக்கம் உப்பளங்கள் இருக்கின்றன; அவ்வழியாக லெ மோர்ன் வரை போய் பே டு காப் திருப்பத்தில் மாகோண்ட் பாறையில் நின்று கடலைப் பார்ப்பது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். அங்கே அலை மோதி எழும் சாரல் உதட்டில் கரிக்கும். அந்தச் சாரல் வண்டியிலும் படிகிறது, கண்ணுக்குத் தெரியாது. முதல் நான்கு மாதம் ஈரத்துணியால் துடைத்ததோடு விட்டேன். பாட்டில் கூட்டின் போல்ட் துருப்பிடித்து தலை மழுங்கியது, ஸ்போக் முனைகளில் வெள்ளைப் பொடி பூத்தது, கேபிள் உள்ளுக்குள் இறுகி கியர் மாற மறுத்தது. எல்லாவற்றையும்விட மோசம், சீட்டைத் தாங்கும் கம்பி ஃபிரேமுக்குள் ஒட்டிக்கொண்டது. பெரியவர் மூட்டு வழியாக எண்ணெயை ஊற்றி இரண்டு நாள் விட்டார். மூன்றாம் நாள் வண்டியைத் தலைகீழாக்கி, சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் ஃபிரேமைத் திருப்ப, நான் எதிர்ப்பக்கம் இழுக்க, "க்ரீச்" என்று ஒரு சத்தம். வெளியே வந்த கம்பியில் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெள்ளை. அதை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, "மாதம் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்" என்றார். எடுத்துப் பார்க்கிறேன்.

இப்போது என் வழக்கம் இது. கடலோரம் போய்வந்த அன்றே ஒரு வாளி நல்ல தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பிரஷ். வேகமாகப் பீய்ச்சும் குழாய் வேண்டாம், பேரிங்கில் தண்ணீர் புகும். துணியால் துடைத்து, சங்கிலியை நிழலில் காயவைத்து, இணைப்புக்கு ஒரு சொட்டு எண்ணெய், மேலே ஒட்டியதைத் துடைத்தல். இருபது நிமிடம். இதற்கு முன் இரண்டு சங்கிலி போயிற்று, இந்த வழக்கம் வந்தபிறகு மூன்றாவது ஒரு வருடமாக ஓடுகிறது.

2025 பிப்ரவரி கடைசியில் கரான்ஸ் புயல் நெருங்கியபோது வண்டியைப் படுக்கையறைக்கே கொண்டுவந்துவிட்டேன். நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் காலம். எச்சரிக்கை நிலை ஏறும்போது தாமதிக்காமல் வீட்டுக்குள் இருந்துவிட வேண்டும், சைக்கிள் ஓட்டும் எண்ணமே வரக்கூடாது.

சாப்பாட்டைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. சவாரி முடிந்து கடையில் சுடச்சுடக் கிடைக்கிற காத்தோ பிமாவை முதல் வாய் கடித்ததுமே நம் பருப்பு வடையின் சொந்தக்காரன் என்று தெரியும். சந்தையில் கறிவேப்பிலைக்கு காரிபூலே, கொத்தமல்லிக்கு கோத்தோமிலி, முருங்கைக்கீரைக்கு பிரெத் மூரூம். காய்கறிக்காரர் பெயர் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஊர் ஞாபகம்.

தைப்பூசத்தின்போது பெரியவர் கடை பத்து நாள் பாதிநேரம்தான். விரதம் இருந்தார். கோர் தெ கார்த் மலையடி முருகன் கோயிலுக்கு நானும் போனேன். காவடிகள் வருகிற சாலையில் அன்று சைக்கிளுக்கு இடமில்லை, வீட்டிலேயே வைத்துவிட்டு நடந்துதான் போக வேண்டும்.

2025 ஜூலையில் தீவு முழுக்க சைக்கிள் பேச்சு. கியூர்பிப்பில் பிறந்த கிம் லெ கூர் டூர் டி ஃபிரான்ஸ் பெண்கள் போட்டியில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்ஸி போட்டார், ஒரு கட்டத்தையும் வென்றார். ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடந்த லியேஜ்-பாஸ்தோன்-லியேஜ் பந்தயம் ஏற்கெனவே அவருடையது. பெரியவர் கடைச் சுவரில் கிம் படம் ஒட்டியிருந்தது, பக்கத்தில் பழநி முருகன்.

ஆறு மாதத்துக்குக் குறைவாக வருகிறவர் சைக்கிள் கொண்டுவர வேண்டாம், இங்கே பழைய வண்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் சொந்த வண்டிதான் என் பரிந்துரை: சின்ன கியர், 32 மி.மீ.-க்குக் குறையாத டயர், துருப்பிடிக்காத போல்ட், ஹேங்கர், இரண்டு ஜோடி பிரேக் பேடு.

டிசம்பரில் நான் ஊர் திரும்புகிறேன். வண்டியும் வருகிறது. பெட்டிக்கு வேண்டிய அட்டை பெரியவர் கடையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பின் கியரை எப்படிக் கழற்றிக் கட்டுவது என்று இந்தமுறை அவரே செய்துகாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.